அர்ப்பணிப்பை மட்டும் நம்பியிருக்கும் மலையக வைத்தியசாலைகள்

அக்கரப்பத்தனைப் பகுதித் தோட்டங்களில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் குளவிக்கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர் என்ற செய்தி நமது பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெற்று வருகின்றது. ஐந்து பேர், பத்துப் பேர், சில வேளைகளில் அதற்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் கொண்டுவரப்படுவதுண்டு. 'சிலர் சிகிச்சை பெற்று வீடு திரும்பினர். ஏனையோர் தொடர்ந்து சிகிச்சை பெற்று வருகின்றனர்' என்ற வரியுடன் செய்தி முடிவடைந்துவிடும். அந்த வரிக்குப் பின்னர் வைத்தியசாலை விடுதிக்குள் என்ன நடைபெறுகின்றது என்பதை எவரும் கேட்பதில்லை.

குளவிக்கொட்டுக்கு இலக்கான ஒருவருக்கு ஒவ்வாமை தீவிரமடையுமானால், மூச்சுக்குழாய் வீங்கி, இரத்த அழுத்தம் வீழ்ந்து, சில நிமிடங்களில் உயிராபத்து ஏற்படலாம். உடனடியாக அட்ரினலின் ஊசி ஏற்றப்பட்டால் பெரும்பாலானோர் காப்பாற்றப்படுகின்றனர். ஆனால் ஆபத்து அத்துடன் நீங்கிவிடுவதில்லை. தேறிவிட்டதாகத் தோன்றிய சிலருக்குச் சில மணித்தியாலங்களின் பின்னர் அதே அறிகுறிகள் மீண்டும் தோன்றக்கூடும். பல இடங்களில் கொட்டப்பட்டவருக்கு, நஞ்சினால் தசையும் செங்குருதிக் கலங்களும் சிதைவடைந்து, ஓரிரு நாட்களில் சிறுநீரகங்கள் செயலிழக்கும் ஆபத்தும் உண்டு. அதன் முதல் அறிகுறி சிறுநீரின் அளவு குறைவதும் நிறம் கறுப்பதுமாகும். இதனைக் கண்டறிய விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை. நேரத்துக்கு நேரம் கட்டிலருகே சென்று, அளந்து, குறித்து, முன்னைய குறிப்புடன் ஒப்பிட்டு, மாற்றம் தென்பட்டால் வைத்தியரை அழைப்பதற்கு ஒருவர் இருந்தால் போதுமானது. அந்த ஒருவர் தாதியாவார்.

வைத்தியர் விடுதிக்கு வந்து செல்கின்றார். தாதியோ அங்கேயே இருக்கின்றார். எனவே, நோயாளர் பராமரிப்பின் தரம் என்பது பெருமளவுக்குத் தாதியின் கவனத்தின் தரமேயாகும். இக்கவனம் எங்கிருந்து பிறக்கின்றது, எதனால் வற்றிப்போகின்றது என்ற கேள்வி, அக்கரப்பத்தனை போன்ற ஒதுக்குப்புறப் பிரதேசங்களில் வாழும் மக்களைப் பொறுத்தவரையில் உயிர்ப் பிரச்சினையாகும்.

ஈடுபாடு என்பது குணமா, சூழலா?

தாதியர் சேவையைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக இரண்டு விதமாகவே பேசுகின்றோம். மே மாதம் 12ஆம் திகதி சர்வதேச தாதியர் தினத்தில் 'வெண்ணிற ஆடைத் தேவதைகள்' என்று போற்றுகின்றோம். ஏனைய நாட்களில் 'மனிதாபிமானம் அற்றவர்கள்' என்று தூற்றுகின்றோம். இரண்டு பேச்சுக்கும் அடிப்படை ஒன்றே. தொழிலில் ஈடுபாடு என்பது ஒருவரது பிறவிக் குணம். அது இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் தலைவிதி என்ற எண்ணமே அது.

ஆய்வாளர்கள் கூறுவது வேறு. தொழிலில் ஈடுபாடு என்ற கருத்தை 1990இல் ஆராய்ந்து எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் கான், ஒருவர் தம்மை முழுமையாகத் தொழிலில் ஈடுபடுத்துவதற்கு மூன்று நிலைமைகள் அவசியம் என்று காட்டினார். செய்யும் வேலைக்கு அர்த்தம் இருக்கின்றது என்ற உணர்வு, மனதில் பட்டதைக் கூறினால் தண்டிக்கப்படமாட்டோம் என்ற பாதுகாப்பு, உடலிலும் உள்ளத்திலும் எஞ்சியிருக்கும் தெம்பு என்பனவே அவை. இம்மூன்றில் முதலாவது தாதியர் தொழிலில் இயல்பாகவே உண்டு. ஏனைய இரண்டையும் நிர்வாகமே வழங்க வேண்டும்.

தாதியர் சேவையின் முன்னோடியாகக் கொண்டாடப்படும் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. 1854 நவம்பரில் 38 பெண்களுடன் அவர் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையைச் சென்றடைந்தார். அவர்களது அர்ப்பணிப்பில் குறையிருக்கவில்லை. ஆயினும், அந்தக் குளிர்காலத்தில் மரணங்கள் குறையவில்லை, அதிகரித்தன. 1855 பெப்ரவரியில் அனுமதிக்கப்பட்ட நோயாளரில் நூற்றுக்கு 42 பேரளவில் உயிரிழந்தனர். மார்ச் மாதம் பிரித்தானியாவிலிருந்து வந்த சுகாதாரக் குழுவினர் கட்டடத்தின் கீழிருந்த கழிவு வாய்க்கால்களைத் துப்புரவாக்கி, காற்றோட்டத்துக்கு வழிசெய்த பின்னரே மரண வீதம் துரிதமாக வீழ்ச்சியடைந்தது. ஜூன் மாதமளவில் அது நூற்றுக்கு இரண்டளவாகியது. நாடு திரும்பிய நைற்றிங்கேல் தமது எஞ்சிய வாழ்நாளை விளக்கேந்துவதில் செலவிடவில்லை. புள்ளிவிபரங்களைத் தொகுத்து, வைத்தியசாலைகளின் நிலைமைகளைச் சீர்திருத்துமாறு ஆட்சியாளரை நெருக்குவதிலேயே செலவிட்டார். அர்ப்பணிப்பு மட்டும் போதாது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் எவருமில்லை.

அண்மைக்கால ஆய்வுகள் இதற்குக் கணக்கும் தந்துள்ளன. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியை லிண்டா எய்க்கின் தலைமையிலான குழுவினர் 2014இல் 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை பெற்ற 4 இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் விபரங்கள் பரிசீலிக்கப்பட்டன. ஒரு தாதியின் பொறுப்பில் மேலதிகமாக ஒரு நோயாளி சேரும்போது, 30 நாட்களுக்குள் நோயாளர் இறக்கும் வாய்ப்பு 7 வீதத்தால் அதிகரிப்பது தெரியவந்தது. 2002இல் அதே பேராசிரியை அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், மேலதிகமாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும் தாதியர் தொழிற்சோர்வுக்கு உள்ளாகும் வாய்ப்பு 23 வீதத்தால் உயர்வதும் கண்டறியப்பட்டிருந்தது. தாதியின் சோர்வும் நோயாளியின் மரணமும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள் என்பதை இவ்விரு ஆய்வுகளும் உணர்த்துகின்றன.

இவை செல்வந்த நாடுகளின் பெரிய வைத்தியசாலைகளைப் பற்றிய கணக்குகள். மலைச்சரிவில் அமைந்த ஒரு பிரதேச வைத்தியசாலையில், இரவு வேளையில் கடமையிலிருக்கும் தாதியர் ஓரிருவராயின், ஒரு லொறி நிறையக் குளவிக்கொட்டுக்கு இலக்கானவர்கள் வந்திறங்கும்போது அந்தக் கணக்கு என்னவாகும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். இழுப்பு நோயால் தவிக்கும் முதியவரும், காய்ச்சலுடன் அனுமதிக்கப்பட்ட குழந்தையும், வலி கண்டு வந்திருக்கும் கர்ப்பிணித் தாயும் அதே தாதியின் பொறுப்பிலேயே இருக்கின்றனர். அவர் எவ்வளவு ஈடுபாடுடையவராக இருந்தாலும் ஒரே நேரத்தில் நான்கு கட்டில்களின் அருகே நிற்க முடியாது. இவ்வாறான இரவுகள் பல கடந்த பின்னர், 'முடிந்ததைச் செய்வோம்' என்ற மனநிலைக்கு அவர் வந்துவிடுகின்றார். அதனையே நாம் அலட்சியம் என்று அழைக்கின்றோம்.

வரலாறு விட்டுச்சென்ற இடைவெளி

மலையக மக்களின் சுகாதாரம் ஒருபோதும் நாட்டின் பொதுச் சுகாதார முறைமையோடு முழுமையாகப் பிணைக்கப்பட்டிருக்கவில்லை. கோப்பிக் காலத்தில், 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும், பின்னர் 1912ஆம் ஆண்டின் சட்டங்களும், தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கின. தொழிலாளி நலமாக இருக்க வேண்டும் என்பதன் நோக்கம் நாளைய பெயர்ப்பதிவு குறையக்கூடாது என்பதேயன்றி வேறல்ல. தோட்டத்து மருந்துச்சாலையும், அங்கிருந்த வைத்திய உதவியாளரும், மருத்துவிச்சியுமே பல தலைமுறைகளுக்கு மலையகத்தின் சுகாதாரச் சேவையாக இருந்தனர். 1990களின் நடுப்பகுதியிலிருந்து தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கிய போதிலும், அப்பணி இன்றுவரை முழுமை பெறவில்லை.

மற்றொரு இடைவெளியும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்கிடையில் பங்கிட்டது. எஞ்சியோரின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலமே முடிவு காணப்பட்டது. பிரஜாவுரிமை இல்லாதவர் அரசாங்க சேவையில் சேர முடியாது. எனவே, நாட்டின் ஏனைய சமூகங்களிலிருந்து தாதியர்களும் ஆசிரியர்களும் உருவாகிய அரை நூற்றாண்டில், தோட்டத்துப் பெண் பிள்ளைக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே கிடந்தது. கதவு திறந்த பின்னரும் படிக்கட்டு இல்லை. தாதியர் பயிற்சிக்குச் செல்ல உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தியடைந்திருக்க வேண்டும். மலையகத்தின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவைக் கொண்டவை மிகச் சில. அவற்றிலும் ஆசிரியர் பற்றாக்குறை நீடிக்கின்றது.

இதன் விளைவு விடுதியில் நாளாந்தம் தென்படுகின்றது. நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழர்கள். தோட்டங்களையும் சிறு நகரங்களையும் சேர்ந்த முஸ்லிம் மக்களும் தமிழையே பேசுகின்றனர். ஆனால், இம்மக்கள் செல்லும் வைத்தியசாலைகளில் தமிழ் தெரிந்த தாதியர் போதிய அளவில் இல்லை என்பது நீண்டகாலக் குறையாகும். 'நெஞ்சைக் கரிக்குது', 'தலை கிறுகிறுங்குது', 'கையி காலு விறுவிறுங்குது' என்று ஒரு தோட்டத்துத் தாய் கூறுவதில் மூன்று வெவ்வேறு நோய்களின் எச்சரிக்கை இருக்கக்கூடும். மொழி தெரியாத தாதியின் காதில் மூன்றும் ஒரே முனகலாகவே விழும். அவரைக் குறை கூறுவதில் நியாயமில்லை. தென்பகுதிக் கிராமமொன்றிலிருந்து இருபத்து நான்கு வயதில் நியமனம் பெற்று, பழக்கமற்ற குளிரும் பழக்கமற்ற மொழியும் நிறைந்த இடத்துக்கு அனுப்பப்பட்ட ஓர் இளம் பெண்ணும் இந்நிலையில் பாதிக்கப்பட்டவரே. நோயாளி கூறுவது விளங்காத இடத்தில், அவர் மீது எப்படி ஈடுபாடு பிறக்கும்? சைகையிலும் அதட்டலிலும் காலம் கழிகின்றது. இரு தரப்பிலும் கசப்பு வளர்கின்றது. இனப் பிரச்சினையாகத் தோற்றமளிக்கும் பல சச்சரவுகள் உண்மையில் நிர்வாகம் செய்யத் தவறிய மொழிப் பயிற்சியின் விளைவுகளாகும்.

போதாக்குறைக்கு, பயிற்றப்பட்ட தாதியர் கஷ்டப் பிரதேசத்துக்குரிய காலத்தைக் கழித்துவிட்டு இடமாற்றம் பெற்றுச் செல்கின்றனர். வாடகைக்கு வீடில்லை, இரவில் பஸ் வண்டியில்லை, பிள்ளைக்கு நல்ல பாடசாலையில்லை என்ற நிலையில் அவர்கள் செல்லாமலிருந்தால்தான் வியப்பு. பிரதேச வைத்தியசாலைகளை மாகாண சுகாதாரத் திணைக்களம் நிர்வகிக்கின்றது. தாதியர் நியமனங்களோ மத்திய சுகாதார அமைச்சின் கையில் உள்ளன. பற்றாக்குறை பற்றிக் கேட்டால் ஒரு தரப்பு மற்றத் தரப்பைக் கைகாட்டுவதற்கு இது வசதியான ஏற்பாடாக அமைந்துவிட்டது.

கட்டடங்கள் வந்தன, கவனம் வந்ததா?

நியாயமாகக் கூறுவதாயின், மலையகத்தில் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2017 மே 12ஆம் திகதி, இந்திய உதவியுடன் 150 கட்டில்களைக் கொண்டதாக அமைக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். அன்றைய தினம் சர்வதேச தாதியர் தினமாகவும் அமைந்திருந்தது. நெதர்லாந்தின் நிதியுதவியுடன் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் புதிய கட்டடத் தொகுதி கிடைத்தது. 1990 அம்பியூலன்ஸ் சேவை நாடளாவியதாகியது. 2018ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலுடன் அக்கரப்பத்தனைக்கெனத் தனியான பிரதேச சபையும் உருவாகியது. இவை யாவும் வரவேற்கத்தக்கவையே.

ஆனால், கட்டடத்துக்கு நாடா வெட்டலாம். கவனத்துக்கு வெட்ட முடியாது. கட்டிலின் எண்ணிக்கை அறிக்கையில் இடம்பெறுகின்றது. அக்கட்டிலருகே இரவு இரண்டு மணிக்கு யார் நிற்கின்றார் என்பது எந்த அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. டயகமவிலிருந்தோ ஹோல்புறூக்கிலிருந்தோ கிளங்கனுக்கும் நுவரெலியாவுக்கும் வளைந்து செல்லும் மலைப்பாதையில் நோயாளியை ஏற்றிச் செல்லும்போது, அந்தப் பயணத்தைத் தாங்கும் நிலையில் அவரை வைத்திருக்க வேண்டிய கடமை அருகிலுள்ள சிறிய வைத்தியசாலையின் தாதியையே சார்கின்றது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலினால் மத்திய மலைநாட்டில் மண்சரிவுகள் ஏற்பட்டுப் பாதைகள் துண்டிக்கப்பட்டபோது, எட்டிய தூரத்திலுள்ள சிறிய வைத்தியசாலையே உயிர்காக்கும் வைத்தியசாலை என்ற உண்மை மீண்டும் நிரூபணமாகியது.

மேலும், அங்கு வந்து சேரும் நோயாளி ஏற்கனவே பலவீனமானவர் என்பதையும் மறக்கலாகாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய ரீதியில் 17 வீதமாகவும் தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதமாகவும் இருந்தனர். ஊட்டமற்ற உடல் தாமதத்தைத் தாங்காது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் வைத்தியர்களும் தாதியரும் வெளிநாடு செல்லும் போக்கு தீவிரமடைந்தது. மருந்தும் ஊசியும் தட்டுப்பாடான காலத்தில் நோயாளியின் உறவினருடைய கோபத்தை முதலில் எதிர்கொண்டவர்களும் தாதியரே. 2025இல் மேலதிக நேரக் கொடுப்பனவுக் கணிப்பில் செய்யப்பட்ட மாற்றத்துக்கு எதிராகத் தாதியர் சங்கங்கள் வீதியில் இறங்கின. அக்கோரிக்கைகளின் நியாயம் ஒருபுறமிருக்க, உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையின்படி உலகில் இன்னும் 58 இலட்சம் தாதியருக்குப் பற்றாக்குறை நிலவுகின்றது என்பதைக் கவனத்திற்கொள்ள வேண்டும். அழைக்கக் காத்திருக்கும் நாடுகள் பல இருக்கையில், தங்குவதற்கு ஒரு காரணத்தை நாம் வழங்காவிட்டால் அவர்கள் தங்கப்போவதில்லை. வெற்றிடம் முதலில் தோன்றுவது கொழும்பிலன்று, அக்கரப்பத்தனையிலேயே.

செய்யக்கூடியவை

இதற்குப் பரிகாரம் அதிசயமான ஒன்றல்ல. முதலாவதாக, ஒவ்வொரு ஒதுக்குப்புற வைத்தியசாலைக்கும் இரவு நேரத்தில் கடமையில் இருக்க வேண்டிய தாதியரின் ஆகக்குறைந்த எண்ணிக்கை நிர்ணயிக்கப்பட்டு, அது பகிரங்கமாக அறிவிக்கப்படல் வேண்டும். மாற்றீடாக ஒருவர் வந்து சேராமல் இருப்பவரை விடுவிக்கும் வழக்கம் நிறுத்தப்படல் வேண்டும். தங்குமிட வசதியும் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவும் சலுகைகளாகவன்றிச் சேவையின் பகுதியாகக் கருதப்படல் வேண்டும்.

இரண்டாவதாக, இருமொழி நிருவாக மாவட்டம் என்ற பெயர் வைத்தியசாலை விடுதிக்குள்ளும் பொருளுடையதாக வேண்டும். இங்கு நியமிக்கப்படும் தாதியருக்கு, நோயும் வலியும் பற்றிய தோட்டத்துப் பேச்சுத் தமிழில் சில வாரப் பயிற்சியளிப்பது பெருஞ் செலவான காரியமன்று.

மூன்றாவதாக, நிலையான தீர்வு இந்த மண்ணிலிருந்தே தாதியரை உருவாக்குவதாகும். தோட்டப்புறப் பாடசாலைகளில் விஞ்ஞானக் கல்விக்கு முன்னுரிமை அளிக்குமாறு மலையகக் கட்சிகள் குரல் கொடுக்க வேண்டும். தேர்தல் காலத்தில் கூரைத் தகடு வழங்குவதைவிட அது நீடித்த பயனைத் தரும். தமிழ், முஸ்லிம் பெற்றோரிடையே இன்னமும் காணப்படும் தயக்கமும் நீங்க வேண்டும். இரவுக் கடமையும் விடுதி வாழ்க்கையும் பெண் பிள்ளைக்கு உகந்தவையல்ல என்று கருதுவோர், மதீனாவில் காயமுற்றோருக்குக் கூடாரம் அமைத்துச் சிகிச்சையளித்த ருபைதா அல் அஸ்லமிய்யா (ரழி) அவர்களை நினைவுகூர வேண்டும். அகழ்ப் போரில் காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரழி) அவர்கள் அக்கூடாரத்திலேயே பராமரிக்கப்பட்டார்கள். நம் வீட்டுப் பெண் நோயுற்றால் பெண் தாதியே வேண்டுமென்று விரும்பும் நாம், நம் பிள்ளையை அத்தொழிலுக்கு அனுப்பத் தயங்குவது முரண்பாடாகும்.

நான்காவதாக, தாதியரின் குரலுக்குச் செவிசாய்க்கும் ஏற்பாடு வேண்டும். வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் தோட்ட மக்களின் பிரதிநிதியும் தாதியரின் பிரதிநிதியும் ஒரே மேசையில் அமர வேண்டும். குளவிக்கொட்டு நிகழ்ந்தவுடன், எத்தனை பேர் வருகின்றனர் என்பதைத் தோட்ட நிர்வாகம் தொலைபேசியில் முன்கூட்டியே அறிவிக்கும் நடைமுறையை இத்தகைய கூட்டமொன்றிலேயே ஏற்படுத்திவிடலாம்.

இவ்வளவும் கூறுவதனால், கடமை தவறும் தாதியருக்கு நியாயம் கற்பிப்பதாக எவரும் கருதலாகாது. வயதில் மூத்த தொழிலாளியை 'நீ', 'வா', 'போ' என்று விளிப்பதற்குப் பணிச்சுமை காரணமாகாது. பிரசவ வலியில் துடிக்கும் தாயை ஏசுவதற்கு ஆளணிப் பற்றாக்குறையும் காரணமாகாது. அத்தகைய முறைப்பாடுகள் விசாரிக்கப்பட்டு, முடிவுகள் முறைப்பாட்டாளருக்கு அவரது மொழியில் அறிவிக்கப்படல் வேண்டும். ஆனால், தண்டனை ஒருவரைத் திருத்தலாம். ஒரு வைத்தியசாலையைத் திருத்தாது. நல்ல தாதியும் சோர்ந்துபோகும் சூழலை வைத்துக்கொண்டு, தாதியரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இன்றும் மலையகத்தின் சிறிய வைத்தியசாலைகள் பல, விடுமுறையை விட்டுக்கொடுத்து, இரவு பகலாக நின்று பணியாற்றும் சிலரின் நல்ல மனத்தினாலேயே இயங்கிக்கொண்டிருக்கின்றன. அவர்களில் சிங்களவரும் உள்ளனர், தமிழரும் உள்ளனர், முஸ்லிம்களும் உள்ளனர். அவர்களது நல்ல மனத்தையே ஆளணித் திட்டமாகக் கருதி அரசாங்கம் வாளாவிருப்பது முறையன்று. அடுத்த குளவிக்கொட்டுச் செய்தி வெகு விரைவில் வரும். அன்றிரவு, கொட்டுண்டவரின் சிறுநீரை அளந்து குறிப்பதற்கு ஒரு தாதி இருப்பாரா, இருந்தால் அவருக்கு அதற்கு நேரம் இருக்குமா என்பதற்குச் சுகாதார அமைச்சும் மாகாண நிர்வாகமும் இன்றே பதிலளிக்க வேண்டும்.